எழுதுகருவியும் நம் இளைஞரும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் புதுக்கோட்டையில் நடைபெற்ற இளைஞர் கணினிப் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளன்று ஆற்றிய உரை)

 

சங்கத்தின் 25 ஆண்டு வரலாற்றை மலராக வெளியிடுவதெனச் செயற்குழு முடிவு செய்தபொழுது, முதற்கண் வேண்டப்பட்டவை தொடக்க ஆண்டுகளின் அறிக்கைகளே. எந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் செலுத்தினோம், எவர் வீட்டுத் திண்ணையில் இரவுப் பாடசாலை நடைபெற்றது, எந்தெந்த ஊர்களில் நன்கொடை திரட்டினோம் என்பனவெல்லாம் அவற்றில்தாம் அடங்கியுள்ளன. தாளில் இருந்தவற்றுள் பல மழையில் நனைந்தும் செல்லரித்தும் போயின. ஆயினும் அவை கணினி அச்சுக்கடைகளில் தட்டச்சு செய்யப்பட்டவையாதலால், அவற்றின் கோப்புகள் குறுந்தகடுகளில் எஞ்சியிருந்தன. அவற்றைத் திறந்து பார்த்தபொழுது திரையில் தோன்றியது தமிழன்று. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் விரவிய பொருளற்ற தொடர். ‘தமிழ்’ என்னும் சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். அக்காலத்தில் பாமினி முதலிய எழுத்துருக்களைக் கொண்டே தமிழைத் தட்டச்சு செய்தனர். அவ்வெழுத்துருக்களில் கணினி நினைவிற் கொள்வது ஆங்கில விசையின் எண்ணை மட்டுமே; அதன்மேல் தமிழ் எழுத்தின் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு உள்ளவரை தமிழாகத் தெரியும். அஃது இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். ஒரு கடையின் கோப்பு மறு கடையில் திறவாது என்பதும் அந்நாளில் இயல்பு. இக்குறையைத் தீர்க்க வந்ததே ஒருங்குறி. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. தமிழக அரசு 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் ‘அ’ என்பது எந்நாட்டுக் கணினியிலும் ‘அ’வே. ஆனால், அதற்கு முன் எழுதப்பட்டவை தாமாக ஒருங்குறிக்கு மாறிவிடுவதில்லை. எவரேனும் மாற்றியாக வேண்டும்.

ஆயத்தமான மாற்றிகள் பல இருக்கின்றனவே என்று சிலர் கேட்டனர். இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. நம் அறிக்கைகளில் வந்த இடர்ப்பாடு யாதெனில், அவற்றில் கல்லூரிகளின் பெயர்களும் பட்டங்களின் சுருக்கங்களும் ஆங்கிலத்திலேயே இடையிடையே எழுதப்பட்டிருந்தன. மாற்றி அவற்றையும் பாமினித் தமிழென்றே கருதி உருக்குலைத்துவிட்டது. எது தமிழ், எது ஆங்கிலம் என்று வரிவரியாகக் கண்டு, விதி வகுத்து, வகுத்த விதியை ஆயிரம் இடங்களில் ஒரே கட்டளையால் நிறைவேற்றவல்ல ஒரு கருவி தேவைப்பட்டது. அத்தகைய கருவியை உரைத்தொகுப்பி என்பர்; ஆங்கிலத்தில் எடிட்டர் என்பதும் அதுவே. பலவற்றுள் ‘விம்’ என்பதை நம் இளைஞர் தேர்ந்துகொண்டனர். அது விலையின்றிக் கிடைப்பது. மிகப் பழைய கணினியிலும் தடையின்றி இயங்குவது. 2011 முதல் அரசு பள்ளி மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளுள் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த பல, விண்டோசுடன் ‘பாஸ்’ என்னும் லினக்சையும் கொண்டிருந்தன. நம் குடியிருப்புகளில் பரண்மேல் கிடந்த அக்கணினிகளைத் தூசு தட்டி எடுத்தே இப்பணி தொடங்கிற்று. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, அறிமுகமற்ற அக்கருவியை அவர்கள் வெறுமையிலிருந்து தமக்கேற்ப அமைத்துக்கொண்ட முறையைப் பற்றியதாகும்.

விம்மை முதன்முதல் திறப்பவர் திகைப்பர். பட்டியும் பொத்தானும் கொண்ட வழக்கமான முகப்பு அதில் இல்லை. முனையத்தில் திறந்தால் கறுத்த திரையும், இடப்புறம் வரிசையாகச் சில அலைக்குறிகளும் மட்டுமே காணப்படும். விசையைத் தட்டினால் எழுத்து விழாது. எழுத்துக்கு மாறாக ஏதோவொன்று நிகழும். காரணம், அதற்கு முதன்மையான நிலைகள் இரண்டு உண்டு. ஒன்று கட்டளை நிலை. மற்றொன்று எழுதும் நிலை. திறக்கும்பொழுது அது கட்டளை நிலையில் இருக்கும். ஆங்கில ‘ஐ’ விசையை அழுத்தினால் எழுதும் நிலைக்கு வரும். ‘எஸ்கேப்’ விசையை அழுத்தினால் மீண்டும் கட்டளை நிலைக்குச் செல்லும். வெளியேறும் வழி தெரியாமல் கணினியையே அணைத்தவர் உலகெங்கும் உண்டு. அதனைக் கூறி நகைப்பது கணினியாளரிடை ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எஸ்கேப் விசையை அழுத்தி, முக்காற்புள்ளி, ‘க்யூ’, வியப்புக்குறி மூன்றையும் தட்டி ‘என்டர்’ கொடுத்தால் எழுதியதைச் சேமிக்காமல் வெளியேறலாம். இதனை முதலில் மனத்திற் கொள்ளுதல் நலம். வெளியேறும் வழி தெரிந்தவர் அஞ்சாமல் உள்ளே நுழைவர்.

நிலைகாட்டியை நகர்த்துவதற்கு அம்பு விசைகளைத் தவிர எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்து விசைகளும் அதில் உண்டு. எச் இடப்புறம், ஜே கீழே, கே மேலே, எல் வலப்புறம். இஃது ஏன் இவ்வாறு அமைந்தது என்று ஒரு தங்கை வகுப்பில் வினவினார், நல்ல வினா. விம்முக்கு முன்னோடி ‘வி-ஐ’ என்னும் உரைத்தொகுப்பி. 1976-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் பயின்றுகொண்டிருந்த பில் ஜாய் அதனை எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்னும் முனையத்தின் விசைப்பலகையில் தனி அம்பு விசைகள் இல்லை. அம்புக்குறிகள் அந்நான்கு எழுத்து விசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்று ‘டேப்’ விசை இருக்குமிடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டுமாறு இருந்தது. ஒரு மாணவர் கையிலிருந்த பலகையின் அமைப்பு, 50 ஆண்டுகளுக்குப் பின்னரும் உலகத்தாரின் விரல்களை ஆண்டுகொண்டிருக்கிறது. கருவியொன்றில் முன்னமைவு எனப்படுவது, நமக்கு முன்னிருந்த எவரோ தம் வசதிக்கேற்பச் செய்துவைத்த ஏற்பாடேயன்றி இயற்கை விதியன்று. முன்னமைவுகளைப் பற்றி நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊருக்கு வெளியே எவர் குடியிருக்க வேண்டும் என்பதும் ஒருகாலத்தில் எவரோ செய்துவைத்த முன்னமைவுதானே!

தட்டச்சு நிலையத்தில் பயின்ற நம் பெரியோர்க்கு இந்நான்கு விசைகள் புதியனவல்ல. ‘ஏ எஸ் டி எஃப்’ என்றும், ‘அரைப்புள்ளி எல் கே ஜே’ என்றும் முதல் வாரம் முழுதும் தட்டிப் பழகியவர்கள் இவ்வவையில் பலர் இருக்கின்றனர். அரசுத் தட்டச்சுத் தேர்வில், மணித்துளிக்கு 30 சொற்கள் இளநிலை, 45 சொற்கள் முதுநிலை என்ற அளவைக் கடந்து அலுவலகத்துள் நுழைந்த முதல் தலைமுறையினர் அவர்கள். விரல்கள் வைக்கும் நடுவரிசையை விட்டு அகலாமல் எல்லாப் பணியையும் முடிப்பதே விம்மின் நோக்கம். எனவே, நம் வகுப்பில் கல்லூரி மாணவரைக் காட்டிலும், ஓய்வு பெற்ற தட்டச்சர் ஒருவரே இதனை விரைவிற் கைக்கொண்டார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

இனி, அமைத்துக்கொள்ளும் முறைக்கு வருவோம். விம்முக்கு நம் விருப்பங்களைக் கூறுவது ஒரேயொரு கோப்பு. ‘விம்-ஆர்சி’ என்பது அதன் பெயர். பெயருக்கு முன் ஒரு புள்ளி உண்டு. புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்பு லினக்சில் பொதுவாகக் கண்ணுக்குப் புலப்படாது. அக்கோப்பு தொடக்கத்தில் இருப்பதே இல்லை; நாமே தோற்றுவிக்க வேண்டும். அதில் ஒரு வரிக்கு ஒரு கட்டளை. ‘செட் நம்பர்’ என்று எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் எண் தோன்றும். இரட்டை மேற்கோள் குறியொன்றில் தொடங்கும் வரியை விம் பொருட்படுத்தாது. அது நாம் நமக்கே எழுதிக்கொள்ளும் குறிப்பு. நம் வகுப்பில் ஒரு விதி செய்தோம்: எந்தக் கட்டளையை எழுதினாலும், அதன் மேல்வரியில் அஃது ஏன் வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதுதல் வேண்டும். காரணம் எழுத இயலாத வரிக்கு அக்கோப்பில் இடமில்லை.

தொடக்கத்திலேயே ஒரு வியப்பு காத்திருந்தது. 2016-இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு முதல், பயனருக்கென விம்-ஆர்சி இல்லையெனில், விம் தன்னிடமுள்ள ஒரு பொது அமைவுக் கோப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். நாம் நம் கோப்பைத் தோற்றுவித்தால் அதனைக் கைவிட்டுவிடும். ஆதலால், ஒரே ஒரு வரி எழுதிச் சேமித்து மீண்டும் திறந்தவர்களுக்கு, அதுவரை இருந்த வண்ணங்களும் வேறு சில வசதிகளும் மறைந்துபோயின! சிலர் கருவி பழுதாயிற்று என்றே எண்ணினர். பழுதன்று; ‘இனி உன் வீட்டை நீயே நடத்து’ என்று விம் கூறுகிறது, அவ்வளவே. அப்பொதுக் கோப்பை நம் கோப்பின் முதல் வரியிலேயே அழைத்துக்கொண்டால் இழந்தவை மீளும். அல்லது, ஒவ்வொன்றையும் தேவை நேரும்பொழுது தனித்தனியே எழுதிக்கொள்ளலாம். நம் வகுப்பார் இரண்டாவது வழியை மேற்கொண்டனர். அது மெதுவான வழி. முதல் மாத முடிவில் எவருடைய கோப்பும் 20 வரிகளைத் தாண்டவில்லை.

மெதுவான வழி எதற்கு என்று கேட்ட தம்பி ஒருவர், பிறர் எழுதிய 300 வரி விம்-ஆர்சி ஒன்றை எங்கிருந்தோ பெற்றுத் தம் கணினியில் இட்டுக்கொண்டார். திரை அழகாயிருந்தது, அடியில் வண்ணப்பட்டை ஒளிர்ந்தது. அக்கணினியில் ஓர் ஆண்டறிக்கையைப் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியபொழுது, ‘குழு’ என்பதெல்லாம் ‘கழ’ ஆயிற்று. நம் ஊரின் பெயர் ‘பதக்கொட்டை’ என்று வந்தது! அவையோர் நகைக்கலாம், அன்று வகுப்பே நகைத்தது. ஆனால், காரணம் கண்டுபிடிக்க ஒரு பகல் முழுதும் சென்றது.

காரணம் இதுதான். பாமினியில் சிறிய ‘எஃப்’ எழுத்து ‘க’. பெரிய ‘எஃப்’ எழுத்து ‘கு’. சிறிய ‘ஜே’ ‘த’. பெரிய ‘ஜே’ ‘து’. சிறிய ‘ஓ’ ‘ழ’. பெரிய ‘ஓ’ ‘ழு’. சிறிய ‘என்’ ஒற்றைக்கொம்பு. பெரிய ‘என்’ இரட்டைக்கொம்பு. எனவே பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள வேறுபாடே அதில் உயிர்நாடி. விம் இயல்பாக அவ்வேறுபாட்டைப் பார்த்தே தேடும். ஆயின், கடன் வாங்கிய 300 வரிகளுள் ஏறக்குறைய நடுவில், ‘செட் இக்னோர்கேஸ்’ என்று ஒரு வரி இருந்தது. தேடும்பொழுது பெரிது சிறிது பாராதே என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் நிரல் எழுதும் ஒருவர் தமக்கு வசதியாக வைத்துக்கொண்ட வரி அது. அவருக்கு அது நன்மையே. மாற்று விதிகளில் சிறிய எழுத்துகளை முதலில் எழுதியிருந்தமையால், பெரிய எழுத்துகளையும் அவையே விழுங்கிவிட்டன. உகரங்கள் அகரங்களாயின, நெடிற்கொம்பு குறிற்கொம்பாயிற்று. அந்த ஒரு வரியை நீக்கியதும் ஊர் மீண்டும் புதுக்கோட்டை ஆயிற்று. அத்தம்பியே பின்னர் அக்கோப்பை ஒதுக்கிவைத்து, வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்கினார். அமைவுக் கோப்பு எதனையும் படிக்காமல் விம்மைத் திறக்க ‘மைனஸ் யு நன்’ என்று ஒரு வழியுண்டு. ஐயம் நேரும்போதெல்லாம் அவ்வாறு திறந்து, பிழை கருவியினுடையதா, அமைவினுடையதா என்று பிரித்தறியவும் அவரே பிறர்க்குக் கற்பித்தார்.

மாற்று விதிகளை எழுதுவதிலும் ஒரு வரிசை உண்டு. ‘கொ’ என்பதைப் பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டினர். ஒருங்குறியிலோ ககரம் முதலில், அதன்பின் ஒகரக் குறி. ஆகவே கொம்பும் காலும் சேர்ந்த விதிகளை முதலில் நிறைவேற்றி, பின்னர் தனிக் கொம்பையும், இறுதியில் எஞ்சிய எழுத்துகளையும் மாற்றுதல் வேண்டும். வரிசை பிறழ்ந்தால் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறிக் கிடக்கும். இவ்விதிகள் அனைத்தையும் தனிக் கோப்பொன்றில் எழுதி வைத்துக்கொண்டு, ‘சோர்ஸ்’ என்னும் ஒரே கட்டளையால் அழைத்தனர். ஆங்கிலப் பெயர்கள் உள்ள வரிகளை முன்கூட்டியே குறியிட்டு விலக்கி வைத்தனர். ஒருநாள் எழுதிய விதிக்கோப்பு, அடுத்தடுத்த ஆண்டறிக்கைகளுக்கும் அப்படியே உதவிற்று.

மாற்றிய பின் பிழை திருத்தத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டுமல்லவா? இங்கே மற்றோர் இடர். கணினியின் விசைப்பலகையைத் தமிழ்99-க்கு மாற்றிவிட்டால், விம்மின் கட்டளை நிலையிலும் தமிழே விழும். கட்டளைகளோ ஆங்கில எழுத்துகளை எதிர்பார்ப்பவை. ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றி மாற்றி அழுத்துவது தலைவலி. விம்முக்குள்ளேயே இதற்கொரு தீர்வு உண்டு. ‘கீமேப்’ எனப்படும் விசைவரைபடத்தை அமைத்துக்கொண்டால், எழுதும் நிலையில் மட்டும் தமிழ் விழும். கட்டளை நிலை தீண்டப்படாது. ‘கண்ட்ரோல்’ விசையுடன் ஆறாம் எண் விசையை அழுத்தித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். ஆனால் விம்முடன் நமக்குக் கிடைத்த தமிழ் வரைபடம், ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழர் பலர் கூடி வகுத்த ‘திஸ்கி’ என்னும் பழைய குறியேற்றத்துக்கு உரியதாயிருந்தது. எனவே நம்முடையதை நாமே எழுத நேர்ந்தது.

எழுதுவது கடினமன்று. ‘லோட்கீமேப்’ என்று ஒரு வரி. அதன்கீழ் ஒவ்வொரு வரியிலும் இடப்புறம் விசை, வலப்புறம் எழுத்து. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருக்கின்றன. ‘ஏ’ விசைக்கு ‘அ’. ‘எச்’ விசைக்கு ‘க’. ‘க்யூ’ விசைக்கு ‘ஆ’. எச், க்யூ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ‘கா’. எச், எஃப் வந்தால் ‘க்’. இவ்வாறு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 வரிகள். சிலர் இதனை நிரலெழுதி ஒரு நொடியில் தோற்றுவிக்கலாம் என்றனர், உண்மையே. ஆயினும் இரண்டு தங்கையர் 247 வரிகளையும் கையாலேயே தட்டினர். அரிச்சுவடியை இரண்டாம் முறை எழுதியதாக அவர்கள் கூறினர். அவர்களுள் ஒருவர் தாயார், 1991-இல் அறிவொளி வகுப்பில் அரிச்சுவடியை முதன்முறை எழுதியவர்.

அறிவொளியைக் குறிப்பிட்ட பின் மிதிவண்டியைப் பற்றிப் பேசாமல் செல்ல இம்மாவட்டத்தில் எவராலும் இயலாது. 1991, 1992 ஆண்டுகளில் அன்றைய மாவட்ட ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் அக்காலத்தில் மிதிவண்டி கற்றனர் எனப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். கல்லுடைக்கும் பெண்களும் கூலி வேலை செய்யும் பெண்களும் அவர்களுள் அடங்குவர். பெண்களுக்குரிய வண்டிகள் போதிய அளவில் கிடைக்காமையால், ஆண்கள் வண்டியிலேயே பலர் கற்றனர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள அக்குறுக்குக் கம்பி இடையூறு என்றே நாம் எண்ணுவோம். அவர்களோ அதன்மேல் குழந்தையை அமர்த்திக்கொண்டு சென்றனர். சிலர் அதற்காகவே ஆண்கள் வண்டியை விரும்பினர் என்றும் சாய்நாத் குறிக்கிறார். எவருக்காகவோ செய்யப்பட்ட வண்டியைத் தம் வாழ்வுக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல் என்பது அதுவன்றி வேறென்ன? தங்கையர் செய்த விசைவரைபடத்தை நாம் அவ்வரிசையிலேயே வைத்து எண்ணுகிறோம்.

இக்கருவியின் குறையையும் மறைத்தல் கூடாது. விம், முனையத் திரையைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தை வைப்பது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும், தமிழுக்குப் பொருந்தாது. ‘ணௌ’ எங்கே, ‘ர’ எங்கே! பல முனையங்களில் கொம்பு எழுத்துக்கு வலப்புறம் நிற்கும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும். காட்சிதான் பிழையாகத் தெரியும். வெவ்வேறு முனையங்களை ஆய்ந்து, ஓரளவு ஒழுங்காகக் காட்டும் ஒன்றைத் தேர்ந்துகொண்டோம். நெடிய கட்டுரை எழுதுவோர்க்கு விம்மை நாம் பரிந்துரைக்கவில்லை. அதற்கு வேறு நல்ல கருவிகள் உள. திருத்தவும், மாற்றவும், நிரல் எழுதவும், தொலைவிலுள்ள வழங்கிக் கணினியில் பணி செய்யவும் இது சிறந்தது. அத்தகைய கணினிகளில் இதுவோ இதன் முன்னோடியோ பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று: அமைவுக் கோப்பை நாள்தோறும் அழகு செய்துகொண்டே, ஒரு வரியும் எழுதாமற் காலங்கழிப்போர் உண்டு. அரிவாளைத் தீட்டிக்கொண்டே அறுவடையைத் தவறவிடுவது போன்றது அது. நம் வகுப்பிலும் அதன் அறிகுறிகள் சில தோன்றின. பெயர் கூற வேண்டா.

இக்கருவியை ஆக்கியவரைப் பற்றிச் சிறிது கூறுதல் நம் சங்கத்துக்குப் பொருத்தமாகும். பிராம் மூலெனார் நெதர்லாந்து நாட்டவர். வி-ஐ-யைப் போன்ற ஒன்றைத் தம் அமிகா கணினிக்காக உருவாக்கி, 1991-இல் விம் என்னும் பெயரில் உலகுக்கு வழங்கினார். 1994-இல் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டாவின் கிபாலே என்னும் சிற்றூருக்குத் தொண்டராகச் சென்றார். குடிநீரும் சுகாதாரமும் அவர் பணி. அங்கே எய்ட்சு நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கண்டார். அதன்பின் விம்முக்கு விலை வைக்காமல், பயன்படுத்துவோர் விரும்பினால் அப்பிள்ளைகளின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் உதவுமாறு வேண்டினார். கோப்பின் பெயர் கொடாமல் விம்மைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுமாறு கேட்கும் ஒரு வரி பல்லாண்டுகள் அதன் முகப்பில் தோன்றி வந்தது. அவர் 2023 ஆகஸ்டு 3 அன்று மறைந்தார். உலகின் பெரிய நிறுவனங்களில் பணிபுரியும் பொறியாளர் பலர் நாள்தோறும் கையாளும் ஒரு கருவியின் முகப்பில், ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கான வேண்டுகோள் நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். ஊர் ஊராகத் துண்டேந்தித் தேர்வுக் கட்டணம் திரட்டிய நம் முன்னோடிகளுக்கு, அவ்வரியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எழுதுகருவியைப் பிறர் கையில் விடலாகாது என்பது நம்மவர்க்கு இன்று தோன்றிய எண்ணமன்று. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் மராத்தியில் ‘மூக்நாயக்’ தொடங்கினார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து அச்சிட்ட காலம் அது. இன்று அவ்விதழ்களைத் தேடி ஆய்வோர், கிடைத்த பிரதிகளைக் கொண்டே அக்கால வரலாற்றை எழுதுகின்றனர். கிடைக்காத பிரதிகளில் இருந்தவை போயின. நம் சங்கத்தின் அறிக்கைகள் அவற்றோடு ஒப்பிடத்தக்கனவல்ல. ஆயினும் நம் பிள்ளைகள் எவர் உதவியால் பயின்றனர் என்னும் கணக்கு வேறெந்த ஆவணத்திலும் இல்லை. நம் அறிக்கைகளிலேதான் இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டிய பணியைக் கூறி அமர்கிறோம். பாமினியில் இருந்த ஆண்டுகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. அவற்றிலிருந்து எடுத்த பகுதிகள் இம்மலரில் இடம்பெறும். மூன்றாண்டு அறிக்கைகள் மட்டும் வேறேதோ ஓர் எழுத்துருவில் உள்ளன. அதன் பெயரும் தெரியவில்லை. விசை வரிசையும் தெரியவில்லை. கண்டறிய ஒரு வழியுண்டு. ஒவ்வோர் அறிக்கையின் முதற்பக்கத்திலும் சங்கத்தின் பெயரும், ஊர்ப் பெயரும், நாளும் ஒரே முறையில் எழுதப்பட்டிருக்கும். எந்தக் குறி எந்த எழுத்துக்கு நிற்கிறது என்பதை அவற்றைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். அவ்வாறு இதுவரை 31 எழுத்துகள் பிடிபட்டுள்ளன. அந்த மூன்றாண்டுகளின் அச்சிட்ட அறிக்கை எவர் வீட்டிலேனும் இருந்தால், கிழிந்திருப்பினும், ஒரு பக்கமேயாயினும், கொண்டுவந்து கொடுக்குமாறு பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். பணியில் சேர விரும்பும் இளைஞர், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்துக்கு வரலாம். பழைய மடிக்கணினி வைத்திருப்போர் உடன் கொண்டுவருக. மின்னேற்றி இல்லாதவை மூன்று ஏற்கெனவே வந்து சேர்ந்துள்ளமையால், மின்னேற்றியையும் மறவாமல் கொண்டுவருக.